தூண்டிலக்காவின் குளியல் தொட்டி

குளியலறையிலிருந்து ‘தொப்’பென்று ஒரு சத்தம்.

தூண்டிலக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, முனை மழுங்கிய தூண்டில் முட்களை ஒவ்வொன்றாகச் சின்ன அரத்தில் தீட்டிக்கொண்டிருந்தாள். தொட்டியில் கிடக்கும் கெளுத்தி மீன்கள் வாலை அடிப்பது அந்த வீட்டில் கடிகாரம் ஓடுவது மாதிரி. காதில் விழும், கவனத்தில் விழாது.

மறுபடியும் ஒரு ‘தொப்’. பிறகு பீங்கானில் ஆணியை இழுத்தது போல ஓர் உரசல். பிறகு ஒன்றுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாமைதான் அவளை எழுப்பியது. அரத்தை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனாள்.

தொட்டியில் நான்கு கெளுத்திகள். மூன்று வெள்ளை வயிற்றை மேலே காட்டி மிதந்தன. நான்காவது, எல்லாவற்றிலும் பெரியது, பக்கவாட்டில் சாய்ந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதன் மீசைகள் நனைந்த நூல் போலத் துவண்டு கிடந்தன. அவள் இரண்டு கையாலும் அதைத் தூக்கி வெளியே எடுத்தாள். அதன் பக்க முள் கட்டைவிரலில் ஏறியது. வலி தெரியவில்லை. மீன் அவளைப் பார்த்தபடியே இன்னும் ஒருமுறை வாயைத் திறந்தது. மூடவில்லை.

“கடவுளே,” என்றாள் தூண்டிலக்கா. “பாப்பா!”

செத்தது மீன். அவள் கூப்பிட்டது மகளை. ஏனென்றால் இதே தொட்டியிலிருந்து, இவற்றோடு ஒன்றாகக் கிடந்த இரண்டு கெளுத்திகளை நேற்று சாயங்காலம்தான் அவள் எடுத்துச் சமைத்து மகளுக்கு அனுப்பியிருந்தாள். மகளுக்கு இது ஏழாம் மாதம்.

*

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவள் ‘மூணாம் நம்பர் மெஷின்’. ஓடைப் பாலத்தடியில் ‘தூண்டிலக்கா’. அந்தப் பெயர்தான் வீடு வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார்.

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பிளேடு வாங்கி வருகிறேன் என்று கிளம்பிய புருஷன் திரும்பி வரவில்லை. அப்போது மகளுக்கு ஆறு வயது. ‘பிளேடு வாங்கப் போனவருக்கு இந்நேரம் தாடி முட்டி வரைக்கும் வளர்ந்திருக்கும்’ என்று இப்போது சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அன்று சிரிக்கவில்லை. அன்று அவள் சலவைக்கூடத்தின் பின்வாசல் படியில் உட்கார்ந்து, கீழே ஓடும் ஓடையைப் பார்த்து அழுதாள். அழுகை ஓய்ந்த நேரத்தில்தான் பார்த்தாள்: தண்ணீரில் ஒரு மீன் புரண்டது.

மறுநாள் சலவைக்கூடத்தின் தையல் மேசையிலிருந்து கனத்த நூல் கொஞ்சம், வளைத்த ஊசி ஒன்று, காலை உணவில் மிச்சம் வைத்த ரொட்டித் துண்டு. அவ்வளவுதான் அவளுடைய முதல் தூண்டில். முதல் நாளே கெளுத்தி மாட்டியது. பிடிக்கத் தெரியாமல் பிடித்து, முள் உள்ளங்கையில் ஏறி, கை பலூன் போல வீங்கியது. அந்தக் கையோடு முந்நூறு படுக்கை விரிப்புகளை மடித்துவிட்டு, மீனையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். கை வீங்கினால் என்ன, குழந்தையின் வயிறு நிறைந்ததே!

பிறகு கற்றுக்கொண்டாள். கெளுத்தி சேற்றோடு சேறாகக் கிடக்கும் மீன். பொழுது சாயும் நேரத்தில், ஈயக் குண்டு கட்டி, கோழிக்குடலை அடி மண்ணில் படும்படி போட வேண்டும். கோலின் நுனியில் ஒரு சின்ன மணியை மாட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொடுவாய் மீன் அப்படியில்லை. அது துரை. விடியற்காலையில் பாலத்தின் நிழலில் ஒளிந்து நிற்கும். செத்த இரையை முகர்ந்துகூடப் பார்க்காது. உயிருள்ள குட்டி மீனைக் கோத்துப் போட்டால்தான் பாயும். அதற்காகவே அவள் ஓடைத் தண்ணீரோடு ஒரு வாளி குட்டி மீன்களை வீட்டில் எப்போதும் வைத்திருப்பாள்.

பாலத்தடி ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள். “என்னக்கா, துணியை வெளுத்தது போதாதுன்னு மீனையும் வெளுக்க வந்துட்டீங்களா?” என்பார் கடிகாரம் பழுது பார்க்கிறவர். “உங்க முகத்துல வெளுக்க ஒண்ணும் மிச்சமில்லையே, அதான் மீன் பக்கம் வந்தேன்,” என்பாள் அவள். இரண்டு கொடுவாய்களை அவர்கள் கண் முன்னாலேயே அலாக்காகத் தூக்கிய பிறகு கேலி நின்று, அவளுக்கென்று பாலத்தின் மூன்றாவது தூண் ஒதுக்கப்பட்டது.

தொட்டி விஷயம் மகளால் வந்தது. எட்டு வயதில் ஒருநாள், வாயில் வைத்த மீனைத் துப்பிவிட்டு, “அம்மா, சேறு நாறுது,” என்றாள். தூண்டிலக்கா முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அன்றுதான் அவளுக்கே புரிந்தது, சலவைக்கூடத்தின் பிளீச் ஆவி அவளுடைய மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது என்று. பூ வாசனை போய்விட்டது. மழை வாசனை போய்விட்டது. மகளின் தலையை முகர்ந்தாலும் எதுவும் வருவதில்லை. அதைப் பற்றி அவள் யாரிடமும் புலம்பியதில்லை. ‘பஸ்ல யார் பக்கத்துல வேணும்னாலும் உட்காரலாம், அது ஒரு வசதி’ என்பாள்.

அன்றிலிருந்து அவள் பிடித்த கெளுத்திகளை இரண்டு நாள் நல்ல தண்ணீரில், இரை போடாமல் விட்டுவைப்பாள். உள்ளே இருக்கும் சேற்றை மீனே கக்கிவிடும். குழாய்த் தண்ணீரை நேராக விடக்கூடாது, அதிலிருக்கும் மருந்து மீனைக் கொன்றுவிடும். ஒரு நாள் முழுக்கத் திறந்த டிரம்மில் வைத்த தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். வீட்டில் மனிதர்கள் வாளியில் குளித்தார்கள். தொட்டியில் மீன்கள் குளித்தன. மகள் அந்த மீனைத் தின்று வளர்ந்தாள், படித்தாள், வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டு பத்து நிமிட நடை தூரத்தில் குடிபோனாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் வயிற்றில் ஒரு குழந்தை தங்கியது. ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போய்விட்டது.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், மகளின் மாமியார் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஒரு வார்த்தை சொன்னாள். “யார் வீட்டுத் தண்ணியோ, யார் வீட்டு மீனோ, எது ஒத்துக்கலையோ.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை, பிறகும் சொன்னதில்லை. மருமகளைக் கண்ணுக்குள் வைத்துத் தாங்கினாள். தூண்டிலக்காவைப் பார்த்தால் ‘வாங்க சம்பந்தி’ என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். ஆனால் அந்த ஒரு வார்த்தை, கெளுத்தி முள்ளைப் போல, ஏறிய இடத்திலேயே முறிந்து தூண்டிலக்காவின் நெஞ்சில் தங்கிவிட்டது. எத்தனை ராத்திரி விழித்துக்கொண்டு யோசித்திருப்பாள்! என் மீனா? என் கையா?

டாக்டர் ‘மீனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை’ என்று சொல்லிவிட்டார். டாக்டர் சொன்னது காதுக்குப் போனது. நெஞ்சுக்குப் போகவில்லை.

*

செத்த மீனைக் கையில் பிடித்தபடி அவள் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். மூளை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

தண்ணீரா? இல்லை. நேற்று சாயங்காலம் அவளே டிரம்மிலிருந்து எடுத்து ஊற்றியது. வேறு யாரும் தொட்டிப் பக்கம் போயிருக்க முடியாது. காலையில் ஆறு மணிக்கு வேலைக்குப் போய்ப் பன்னிரண்டரைக்குத் திரும்பியபோது, மகளுக்கு மீன் கொடுத்தனுப்பிய பாத்திரம் கழுவித் துடைத்துச் சமையலறை மேசையில் இருந்தது. மகளிடம் இருக்கும் சாவியை வாங்கி மருமகன் வந்து வைத்திருப்பான். அவன் மீன் என்றால் பத்தடி தள்ளி நிற்கிறவன், இந்தப் பக்கம் எட்டியே பார்த்திருக்க மாட்டான்.

அப்படியென்றால் ஓடை.

இன்று காலை டீ நேரத்தில் இஸ்திரி போடும் பெண் சொன்னது இப்போது இடி போல வந்து விழுந்தது. “அக்கா, புதுசா பேட்டரி ஃபாக்டரி வந்திருக்கில்ல, அவங்க லாரி ஒண்ணை போன வாரம் ஓடையில இறக்கிக் கழுவினாங்களாம். எங்க வீட்டுக்காரர் பார்த்தாராம்.”

“போடி, எங்க கெளுத்தி கல்லையே ஜீரணிக்கும்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவள் டீயைக் குடித்தாள். சிரித்தாளே பாவி!

கெளுத்தி லேசில் சாகிற மீனா? தண்ணீரே இல்லாமல் ஈரச் சாக்கில் ஒரு பொழுது கிடக்கும். அதுவே செத்ததென்றால் உள்ளே எத்தனை விஷம் இருந்திருக்க வேண்டும்! அந்த விஷம் மெதுவாகத்தான் வேலை செய்யும் போலிருக்கிறது. வியாழக்கிழமை பிடித்த மீன் ஞாயிற்றுக்கிழமை சாகிறது. நேற்று ராத்திரி சாப்பிட்டவளுக்கு?

எழுந்து போய் போனை எடுத்தாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அழுத்தினாள். ஐந்தாவது மணியில் எடுத்தார்கள். மகள் அல்ல. சம்பந்தியம்மாள்.

“பாப்பா தூங்கறா சம்பந்தி. சாப்பிட்டதும் கண்ணு சொக்கிடுச்சு. எழுப்பவா?”

“தூக்கம்னா... நல்ல தூக்கம்தானே?”

“தூக்கத்துல நல்ல தூக்கம் கெட்ட தூக்கம்னு இருக்கா? என்ன ஆச்சு? குரல் நடுங்குதே.”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு, நான்கு மீனையும் குப்பையில் போட்டு, தொட்டியைக் கழுவிவிட்டு வாயை மூடிக்கொண்டால் யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரியும். அந்தப் பழைய வார்த்தை உண்மையாகிவிடும். இனி அந்த வீட்டுப் படியை எந்த முகத்தோடு ஏறுவாள்? பிறக்கப் போகும் குழந்தையைத் தூக்க எந்தக் கையை நீட்டுவாள்?

ஒரு தாய்க்கு இதெல்லாம் யோசிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஒரு மூச்சு.

“சம்பந்தி, நேத்து நான் அனுப்பினேனே மீன். அதோட சேர்ந்து தொட்டியில கிடந்த மத்த நாலும் இப்ப செத்துப்போச்சு. ஓடையில ஏதோ கலந்திருக்கு போல. பாப்பாவை எழுப்புங்க. வாந்தி வருதா, தலை சுத்துதான்னு கேளுங்க. குழந்தை அசையுதான்னு கேளுங்க. எல்லாத்துக்கும் நான்தான்...”

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

*

பதினைந்து நிமிடம் கழித்து அழைப்பு மணி அடித்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் தூண்டிலக்கா பெரிய மீனை மட்டும் பாலிதீன் பையில் போட்டு, ஐஸ் கட்டிகளைச் சுற்றி அடுக்கி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகத் தயாராக வைத்திருந்தாள். வேலைச் சட்டையை மாற்றக்கூடத் தோன்றவில்லை.

சம்பந்தியம்மாள் குள்ளமான, உருண்டையான மனுஷி. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. தோளில் எப்போதும் தொங்கும் கறுப்புத் தோல் பை. முகத்தில் ரத்தமே இல்லை.

“பாப்பா?” என்றாள் தூண்டிலக்கா. கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“எழுப்பி உட்கார வச்சிருக்கேன். வாந்தி இல்லை, மயக்கம் இல்லை. ஒரு குறையும் இல்லைன்னுதான் சொல்றா. எம்மகன் பக்கத்துலயே இருக்கான். டாக்சியைக் கீழ நிறுத்தி வச்சிருக்கேன். டாக்டரைப் பார்க்கப் போனா என்ன விஷம்னு கேப்பாங்கல்ல? கையில எதையாவது கொண்டு போகணும். எங்க மீன்?”

தூண்டிலக்கா பையைக் காட்டினாள். பிறகு, அவ்வளவு நேரம் கட்டி வைத்திருந்தது உடைந்தது.

“என்னைத் திட்டுங்க சம்பந்தி. ஒரு வார்த்தையாவது திட்டிடுங்க. அன்னிக்கு நீங்க சொன்னது சரியாப் போச்சு.”

“நான் என்ன சொன்னேன்?”

“யார் வீட்டு மீனோன்னு...”

சம்பந்தியம்மாளின் வாய் திறந்தது, மூடியது. தோல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். “அதை இன்னும் வச்சிருக்கீங்களா?” என்றாள், மிகவும் மெதுவாக. பிறகு, அதைப் பற்றிப் பேச இது நேரமில்லை என்பது போலத் தலையை உதறினாள். “மத்ததும் எங்க? தொட்டியைக் காட்டுங்க. தண்ணியும் ஒரு பாட்டில்ல எடுத்துக்கலாம்.”

இருவரும் குளியலறை வாசலில் நின்றார்கள். மூன்று கெளுத்திகள் மிதந்தன. கீழே தொட்டியின் வெள்ளைப் பீங்கான் பளிச்சென்று தெரிந்தது.

“ஐயோ பாவமே,” என்றாள் சம்பந்தியம்மாள். “காலையில நான் தண்ணி மாத்தினப்பகூட நாலும் துள்ளிச்சே.”

தூண்டிலக்கா மெல்லத் திரும்பினாள்.

“நீங்க... தண்ணி மாத்தினீங்களா?”

“பாத்திரம் குடுக்க வந்தேன். பாப்பாகிட்ட ஒரு சாவி இருக்குல்ல, அதை வாங்கிட்டு வந்தேன். கை கழுவ இங்க வந்து பார்த்தா தொட்டியில பச்சையும் பழுப்புமா ஒரே வழவழப்பு. ஞாயித்துக்கிழமைகூட வேலைக்குப் போயிட்டு அலுத்து வருவீங்க, இதையும் நீங்களே தேய்க்கணுமான்னு நினைச்சேன். மீனை எல்லாம் வாளியில எடுத்துப் போட்டுட்டு, தொட்டியைத் தேய்ச்சுக் கழுவி, குழாயைத் திறந்து புதுத் தண்ணி விட்டேன். அந்த மீசைக்காரனை எடுக்கறதுக்குள்ள எனக்கு உசிர் போச்சு. அப்புறம் கிருமி கிருமின்னு சொல்றாங்களேன்னு ரெண்டு மூடி...”

அவள் நிறுத்தினாள்.

“ரெண்டு மூடி?” என்றாள் தூண்டிலக்கா.

“பிளீச்.”

தூண்டிலக்கா மிதந்த மூன்று மீனையும் பார்த்தாள், பிறகு சம்பந்தியைப் பார்த்தாள்.

“மறுபடியும் பாப்பாவுக்குத்தானே அனுப்புவீங்க. எம்பேரனுக்குப் போற மீன் அழுக்குல கிடக்கலாமான்னு...” சம்பந்தியம்மாளின் குரல் தேய்ந்து தேய்ந்து போயிற்று. “உங்களுக்கு வாசனையே தெரியலையா சம்பந்தி? இப்பகூட அடிக்குதே.”

“எனக்கு எங்க தெரியும்? என் மூக்குதான் எப்பவோ செத்துப்போச்சே! உங்களுக்கு உள்ள வந்ததும் தெரியலையா?”

“தெரிஞ்சுது. உங்க மேல எப்பவும் அந்த வாசனைதானே அடிக்கும். உங்க வாசனைன்னு நினைச்சேன்.”

தூண்டிலக்கா வேலைச் சட்டையின் பையில் கையை விட்டாள். சலவைக்கூடத்தில் எல்லாருடைய பையிலும் ஒரு சின்ன டப்பா இருக்கும். தண்ணீரில் பிளீச் எவ்வளவு என்று பார்க்கும் வெள்ளைக் காகிதத் துண்டுகள். ஒன்றை எடுத்துத் தொட்டியில் நனைத்தாள். வெள்ளை நீலமானது, நீலம் ஊதாவானது, ஊதா கறுத்தது.

“சம்பந்தி,” என்றாள். “வியாதிக்காரங்க விரிப்பு அலசறதுக்குக்கூட நாங்க இவ்வளவு விடமாட்டோம். அது ரெண்டு மூடியா?”

“மூடி கொஞ்சம் பெரிசு,” என்றாள் சம்பந்தியம்மாள்.

சிரிப்புதான் முதலில் வந்ததா, அழுகைதான் முதலில் வந்ததா என்று இருவருக்கும் தெரியாது. தூண்டிலக்கா தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தியம்மாள் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் நீல டிரம், நேற்று சாயங்காலம் இருந்த அதே அளவுத் தண்ணீரோடு, தொட்டியில் இருப்பது என் தண்ணீர் இல்லை என்று நான் சொல்ல வந்ததை யாரும் கேட்கவில்லையே என்பது போல நின்றது.

ஆனால் சம்பந்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்ட அடுத்த கேள்வியில் சிரிப்பு பட்டென்று அறுந்தது.

“அப்ப அந்த லாரி? ஓடையில எதுவும் கலக்கலைன்னு ஆயிடுமா? இதுங்களைக் கொன்னது நான். சரி. ஆனா நேத்து பாப்பா சாப்பிட்டதுல ஒண்ணும் இல்லைன்னு யார் சொல்றது?”

அது நியாயமான கேள்வி. தூண்டிலக்காவின் முகத்தில் ஒரு கணம் பழைய இருட்டு வந்தது. மறு கணம் அவள் எழுந்து ஓடினாள்.

“வாளி!”

பால்கனியின் மூலையில், செடித்தொட்டிகளுக்குப் பின்னால், துளை போட்ட மூடியும் மூடியின் மேல் ஒரு கல்லுமாக அந்த வாளி இருந்தது. பதற்றத்தில் இதை எப்படி மறந்தாள்! வியாழக்கிழமை சாயங்காலம், அதே பாலத்தடியில், அதே மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் அள்ளிய ஓடைத் தண்ணீர். அதே தண்ணீரில் பிடித்த குட்டி மீன்கள். ஓடையில் ஒரு சொட்டு விஷம் கலந்தாலும் முதலில் போவது குட்டி மீன்தான். கெளுத்தி கடைசியில்தான் போகும். பாலத்தடியில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு அது.

கல்லை எடுத்தாள். மூடியில் கை வைத்தாள். திறக்கத் தைரியம் வரவில்லை.

“நீங்க திறங்க சம்பந்தி.”

“நானா? நான் தொட்ட மீன் என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கல்ல? நீங்களே திறங்க.”

கடைசியில் இரண்டு பேருடைய கையும் சேர்ந்துதான் திறந்தது.

வெளிச்சம் பட்டதும் வாளி முழுக்க வெள்ளி சிதறியது. விரல் நீளக் குட்டிகள், இருபதுக்கும் மேல், ஒன்றன் மேல் ஒன்று பாய்ந்து சுற்றிச் சுற்றி ஓடின. ஒன்றுகூட வயிற்றைக் காட்டவில்லை. ஒன்று துள்ளி வெளியே விழுந்து, தரையில் குதித்து, சம்பந்தியம்மாளின் கால்விரலைத் தொட்டது. அந்த அம்மாள் வீறிட்டாள். தூண்டிலக்கா அதைப் பொறுக்கி, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் திரும்ப வாளியில் விட்டாள்.

“உசிரோட இருக்கு,” என்றாள். “எல்லாம் உசிரோட இருக்கு. என் ஓடை நல்லா இருக்கு சம்பந்தி.”

“காலையில இதையும் பார்த்தேன்,” என்றாள் சம்பந்தியம்மாள். “மேல கல்லு இருந்துதா, ஏதோ ஊறுகாய்னு விட்டுட்டேன்.”

“நல்லவேளை!”

சம்பந்தியம்மாள் போனை எடுத்து வீட்டுக்குப் போட்டாள். இருவருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி, செடித்தொட்டியின் விளிம்பில் வைத்தாள்.

“அத்தை, எங்க இருக்கீங்க?” மகளின் குரலில் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. “இவர் நிமிஷத்துக்கு ஒரு தரம் நாக்கை நீட்டு, கண்ணைக் காட்டுன்னு உசிரை எடுக்கறார். எனக்கு ஒண்ணுமே இல்லை.”

“குழந்தை அசையுதாடா கண்ணு?”

“அசையுதாவா? உள்ள குத்துச்சண்டையே நடக்குது. இப்பகூட விலாவுல ஒண்ணு விட்டுது. அம்மா பக்கத்துல இருக்காங்களா? அம்மா, அழறியா என்ன?”

“இல்லடி. ஜலதோஷம்.”

“நேத்து மீன் நல்லா இருந்துதும்மா. மிச்சம் நாலு இருக்குன்னு சொன்னியே, அதை எப்ப அனுப்பப் போறே?”

சம்பந்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சம்பந்தியம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அது... குளிக்கப் போயிருக்கு. அடுத்த வாரம் தரேன்,” என்று சொல்லிப் போனை அணைத்தாள் தூண்டிலக்கா.

*

கீழே டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். சம்பந்தியம்மாள் போவதற்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். சமையலறை மேசையில், தீட்டிய தூண்டில் முட்களுக்கும் அரத்துக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி குடித்தாள். பாதியில் நிறுத்தினாள்.

“அன்னிக்கு அந்த வராந்தாவுல யாரையாவது குத்தம் சொல்லலைன்னா என் நெஞ்சு வெடிச்சிருக்கும் சம்பந்தி. கடவுளைச் சொல்ல பயம். டாக்டரைச் சொல்ல பயம். உங்க மீனு வாயில்லா ஜீவன், அதைச் சொல்லிட்டேன். சொன்ன அன்னிக்கே மறந்துட்டேன். நீங்க மறக்கலைன்னு எனக்குத் தெரியாது.”

தூண்டிலக்கா கட்டைவிரலில் முள் ஏறிய இடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இப்போதுதான் அது வலிக்க ஆரம்பித்திருந்தது.

“அன்னியிலேருந்துதான் இதுவும்,” என்று சம்பந்தியம்மாள் தோல் பையைத் திறந்தாள். உள்ளே, கைக்குட்டையில் சுற்றி, ஒரு சின்ன பிளீச் பாட்டில். “கதவுக் கைப்பிடி, பழம், பாப்பா உட்கார்ற நாற்காலி. எதைப் பார்த்தாலும் துடைக்கணும்னு கை பரபரக்குது. இந்தத் தடவையாவது குழந்தை தங்கணுமேன்னு. பஸ்ல போறப்பகூட கையில இருக்கும். எம்மகன் பைத்தியம்னு சொல்றான்.”

“பைத்தியம்னா நானும்தான்,” என்றாள் தூண்டிலக்கா. “ரெண்டு வருஷமா ஒரு வார்த்தையைத் தொட்டியில விட்டு வளர்த்திருக்கேன். இரைகூட போட்டிருக்கேன்.” மேசைக்குக் குறுக்கே கையை நீட்டிச் சம்பந்தியம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தாள். “இன்னிக்குப் போச்சு. நாலோட அஞ்சா அதுவும் போகட்டும்.”

கீழே மறுபடியும் ஹாரன்.

“அந்த லாரி விஷயம் மட்டும் எனக்கு இன்னும் உறுத்துது,” என்றாள் தூண்டிலக்கா, எழுந்தபடியே. “நாளைக்குப் பாலத்தடியில எல்லாரையும் கேக்கறேன். இனிமே எந்த மீனும் இந்த வாளியைத் தாண்டாம உங்க வீட்டுக்கு வராது. குட்டிங்க மூணு நாள் உசிரோட இருந்தாத்தான் பாப்பாவுக்கு மீன்.”

“நானும் வரேன் வியாழக்கிழமை. அந்த ஓடையை ஒருநாள்கூட பார்த்ததில்லை நான்.”

“வாங்க. சேறு இருக்கும். துடைக்கக் கூடாது.”

“துடைக்க மாட்டேன்.” சம்பந்தியம்மாள் வாசலுக்குப் போனவள், திரும்பி வந்து பிளீச் பாட்டிலைச் சமையலறை அலமாரியில் வைத்தாள். “இது இங்கேயே இருக்கட்டும்.”

“எனக்கு எதுக்கு? வாரத்துல ஆறு நாள் அதுலதான் குளிக்கறேன்.”

“எங்கிட்ட இல்லாம இருக்கட்டும், அதுக்குத்தான்.” செருப்பை மாட்டிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள். “பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க சம்பந்தி. பேரன் பொறந்து பேசக் கத்துக்கிட்டா முதல்ல இதைத்தான் சொல்லிச் சிரிப்பான்.”

“சொல்ல மாட்டேன். கடிகாரக்காரர்கிட்ட மட்டும் சொல்லிக்கறேன். இருபது வருஷமா மீனை வெளுக்கறியான்னு கேட்டுட்டிருக்காரு.”

“ஐயோ, வேண்டாம்!” சிரித்துக்கொண்டே சம்பந்தியம்மாள் கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்கினாள். முதல் மாடித் திருப்பத்தில் ஒருமுறை நின்று, “கட்டைவிரலுக்கு வெந்நீர் வைங்க!” என்று மேலே பார்த்துக் கத்தினாள். பிறகு செருப்புச் சத்தம், டாக்சிக் கதவு அடைக்கும் சத்தம், வண்டி கிளம்பும் சத்தம்.

தூண்டிலக்கா அது தெருமுனை திரும்பும் வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, இரண்டு வருடமாக உள்ளே நின்றுபோயிருந்த ஒரு மூச்சை விட்டுவிட்டு, கதவைச் சாத்தினாள்.